ஒளி வருகிறது, பிழை நிற்கவில்லை: எஃப்.பி.ஜி. டி.சி.எம். உள்ள லிங்க்குகளில் கோளாறு தேடும் வழி

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போகும் 10 ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட்) லிங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைபர் நீளம் 150 கி.மீ. சாதாரண ஜி.652 ஃபைபர் 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு சுமார் 17 பி.செ./நா.மீ. (பிகோ செகண்ட்/நானோமீட்டர்) டிஸ்பர்ஷன் சேர்க்கும், அதாவது அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் போவதால் ஒளிப் பல்ஸ் அகலும். மொத்தம் 2550. "80 கி.மீ." என்று விற்கும் டி.டபிள்யூ.டி.எம். (ஒரே ஃபைபரில் பல அலைநீளச் சேனல்களை ஓட்டும் முறை) எஸ்.எஃப்.பி. பிளஸ் டிரான்ஸ்சீவர் (ஒளியை அனுப்பிப் பெறும் கருவி) தாங்குவது ஏறக்குறைய 1400 முதல் 1600 வரைதான். மீதியைக் கழிக்க ரேக்கில் ஒரு டி.சி.எம். (டிஸ்பர்ஷனைச் சரிக்கட்டும்) பெட்டி இருக்கும். எஃப்.பி.ஜி. (ஃபைபர் பிராக் கிரேட்டிங்) வகையில் அதற்குள் இருப்பவை ஒரு சர்குலேட்டரும், பிராக் கிரேட்டிங் (குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் திருப்பும் நுண்வரிகள்) எழுதிய சில சென்டிமீட்டர் ஃபைபரும் மட்டுமே.

லிங்க்கில் எது கெட்டாலும் பழி இந்தப் பெட்டி மேல் விழுகிறது. சாதாரண வகைப் பெட்டிக்கு மின்சாரம் கிடையாது, ஃபேன் கிடையாது, அசையும் பாகமும் கிடையாது. அது தானாகக் கெடுவது அபூர்வம். கனெக்டர் அழுக்கு, மாறிப்போன போர்ட், யாரும் சொல்லாமல் மாற்றிய கேபிள் பாதை, ஏசி நின்ற அறை ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். கீழே உள்ளதை அந்த வரிசையிலேயே பாருங்கள். பெட்டியை மாற்றுவது கடைசி வேலை.

கையில் எடுக்கும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

இரு முனைகளிலும் அனுப்பும் பவர், பெறும் பவர், டிரான்ஸ்சீவர் வெப்பநிலை, சேனல் எண். அதோடு கடைசி 24 மணி நேரத்தில் பிழை எண்ணிக்கை எந்த மணியில் ஏறியது என்பதும் வேண்டும். எஃப்.இ.சி. (பிழை திருத்தும் வசதி) உள்ள கருவி என்றால் திருத்தத்துக்கு முந்தைய பிழை விகிதம். சாதாரண சுவிட்ச் என்றால் சி.ஆர்.சி. (பிழைச் சோதனையில் தோற்ற ஃபிரேம்கள்) எண்ணிக்கை. இந்த எண்கள் இல்லாமல் பேட்ச் கார்டைக் கழற்றினால், கழற்றியதால் என்ன மாறியது என்றே தெரியாமல் போகும்.

கருவிகள்: பவர் மீட்டர், 200 அல்லது 400 மடங்கு காட்டும் ஃபைபர் ஸ்கோப், ஒன்-கிளிக் கிளீனர், 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துடைப்பான், 5 மற்றும் 10 டெசிபல் அட்டென்யுவேட்டர், அதே சேனலில் ஒரு மாற்று டிரான்ஸ்சீவர். இ.டி.எஃப்.ஏ. (ஒளி ஆம்ப்ளிஃபையர்) வெளிவாயில் +17 டிபிஎம்முக்கு (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு) மேலும் வரும். அது கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஆம்ப்ளிஃபையரை நிறுத்தாமல் அந்தப் பக்கத்து கனெக்டரை ஸ்கோப்பில் வைக்காதீர்கள், கண் அருகிலும் கொண்டுபோகாதீர்கள்.

அறிகுறி 1: ஒளியே வரவில்லை

*புதிதாகப் பெட்டி மாட்டிய உடனே என்றால்*

முதலில் போர்ட்டைப் பாருங்கள். உள்ளே இருப்பது சர்குலேட்டர். ஒரே திசையில்தான் ஒளியை விடும். "இன்", "அவுட்" மாறினால் 40 டெசிபல் அளவுக்கு ஒளி தடுக்கப்படும், பவர் மீட்டரில் கேபிள் அறுந்தது போலத் தெரியும். மாற்றிச் செருகினால் முடிந்தது.

அடுத்து, ஒரே ஃபைபரில் இரு திசையும் ஓடும் லிங்க்கா என்று பாருங்கள். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் சிறு ஆபரேட்டர்கள் ஃபைபர் மிச்சம் பிடிக்க இப்படி ஓட்டுவது உண்டு. அந்த ஃபைபரின் நடுவில் டி.சி.எம். வைத்தால் ஒரு திசை நன்றாக ஓடும், எதிர்த்திசை செத்துவிடும். இரு திசைகளையும் ஃபில்டரால் பிரித்த பிறகு, ஒவ்வொரு திசைக்கும் தனிப் பெட்டி வைக்க வேண்டும்.

மூன்றாவது, சேனல் பொருத்தம். பல சேனல் எஃப்.பி.ஜி. பெட்டி ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வகுத்த அலைநீளக் கட்டங்களில் மட்டும் ஒளியைத் திருப்பும். சி34 என்றால் 1550.12 நானோமீட்டர். டிரான்ஸ்சீவர் டி.டபிள்யூ.டி.எம். அல்லாத சாதாரண 1550 வகையாக இருந்தால், அதன் அலைநீளம் கட்டத்துக்கு வெளியே விழலாம். அப்போது கிரேட்டிங் அதைத் திருப்பாது, வெளியே எதுவும் வராது. 1510 நானோமீட்டரில் ஓடும் மேற்பார்வைச் சேனலும் இப்படித்தான் காணாமல் போகும். அதைப் பெட்டிக்கு முன்பே ஃபில்டர் போட்டுப் பிரித்து, சுற்றி எடுத்துப் போங்கள்.

*நேற்று வரை ஓடியது, இன்று இல்லை என்றால்*

கேபிள் வெட்டுதான் முதல் சந்தேகம். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முந்தைய வாரங்களில் வாய்க்கால் தூர்வாரும் ஜே.சி.பி.க்கள் கரையோரக் கேபிளை இழுப்பது டெல்டாவில் ஆண்டுதோறும் நடப்பது.

இங்கே இரண்டு சோதனைகள் ஆளை ஏமாற்றும். சிவப்பு லேசர் பேனாவைப் பெட்டியின் உள்வாயில் செருகி, மறுபக்கம் சிவப்பு வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. வராது. 650 நானோமீட்டர் ஒளியை அந்தக் கிரேட்டிங் திருப்புவதில்லை, சர்குலேட்டரும் அதற்கானது அல்ல. நல்ல பெட்டியும் "செத்த" பெட்டியாகத் தெரியும். இன்னொன்று, டி.சி.எம். வழியாக ஓ.டி.டி.ஆர். (திரும்பும் ஒளியை வைத்து ஃபைபரின் நீளத்தையும் இழப்பையும் காட்டும் கருவி) விடுவது. அப்பால் இருக்கும் ஃபைபரிலிருந்து திரும்பும் ஒளியைச் சர்குலேட்டர் திரும்ப விடாது. ஆகவே பெட்டி இருக்கும் இடத்தில் ஃபைபர் முடிந்துவிட்டதாகக் கோடு காட்டும். அதை நம்பி அங்கே போய்த் தோண்ட வேண்டாம். பெட்டியையும் ஆம்ப்ளிஃபையரையும் கழற்றி, வெறும் ஃபைபரில் ஒவ்வொரு ஸ்பானாக (இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஃபைபர்) ஓ.டி.டி.ஆர். எடுங்கள்.

ஸ்பான் முழுதும் சரி, போர்ட் சரி, சேனல் சரி, கனெக்டர் சுத்தம், இருந்தும் பெட்டியிலிருந்து ஒளி வரவில்லை என்றால் உள்ளே ஃபைபர் முறிந்திருக்கலாம். மூடியைத் திறக்காமல் சப்ளையருக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 2: பெறும் பவர் நன்றாக இருக்கிறது, பிழை கொட்டுகிறது

இந்தக் கட்டுரைக்கு முக்கியக் காரணமே இந்த அறிகுறிதான். −14 டிபிஎம் காட்டுகிறது, ரிசீவர் −23 வரை தாங்கும், இருந்தும் லிங்க் ஏறி ஏறி விழுகிறது. பவர் மீட்டர் ஒளியின் அளவைச் சொல்லும், பல்ஸ் அகன்று பக்கத்து பிட் மேல் ஏறியிருக்கிறதா என்று சொல்லாது. அதனால் இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஃபைபர் நீளம் மாறியதா?

*அ. கேபிள் வெட்டைச் சரிசெய்த பிறகு, அல்லது ரிங் (ஒரு பாதை அறுந்தால் மறுபாதையில் சுற்றி வரும் வளையம்) மறுபக்கம் திரும்பிய பிறகு தொடங்கியது என்றால்*

நீளத்தைச் சந்தேகப்படுங்கள். தஞ்சாவூர்–திருவாரூர்–நாகப்பட்டினம் பாதை அறுந்து, டிராஃபிக் தஞ்சாவூர்–கும்பகோணம்–மயிலாடுதுறை–காரைக்கால் சுற்றி வந்தால், திருச்சியிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஃபைபர் நீளம் 150லிருந்து 215 கி.மீ. பக்கம் போகலாம். வழியில் ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் பவர் அப்படியே நிற்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள்:

பழைய பாதை: 150 × 17 = 2550. பெட்டி −1700. மிச்சம் 850. டிரான்ஸ்சீவர் தாங்கும்.

புதிய பாதை: 215 × 17 = 3655. பெட்டி −1700. மிச்சம் 1955. தாங்காது.

பாதை மாறியதா என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ள எளிய வழி பிங். ஃபைபரில் ஒளி கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4.9 மைக்ரோ செகண்ட் எடுக்கும். போய்வர 100 கி.மீ.க்கு சுமார் 1 மில்லி செகண்ட். பழைய பதிவில் 1.5 மில்லி செகண்ட் இருந்த இடத்தில் இப்போது 2.1 காட்டினால், 60 கி.மீ.க்கு மேல் சுற்றி வருகிறது என்று அர்த்தம். இதற்காகவே லிங்க் நன்றாக ஓடும் நாளில் பிங் நேரத்தைக் குறித்து ரேக் கதவில் ஒட்டி வையுங்கள். எஃப்.பி.ஜி. பெட்டி தன் பங்குக்குத் தாமதம் சேர்ப்பதில்லை என்றே சொல்லலாம். பழைய சுருள் ஃபைபர் வகை டி.சி.எம். என்றால் 100 கி.மீ.க்கான பெட்டிக்குள் 15, 17 கி.மீ. ஃபைபர் சுற்றியிருக்கும், அது பிங்கில் தெரியும். ஒரு வகையை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்திருந்தால் இந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள்.

தீர்வு, இரு பாதைக்கும் பொருந்தும் பெட்டி. மேலே சொன்ன ரிங்கில் −2380 அளவுள்ள பெட்டி, அதாவது 140 கி.மீ. ரகம், வைத்தால் குட்டைப் பாதையில் மிச்சம் 170, நெட்டைப் பாதையில் 1275. இரண்டுமே தாங்கும் எல்லைக்குள். ரிங் போடும்போது குட்டைப் பாதையை மட்டும் அளந்து பெட்டி வாங்குவதுதான் இந்தக் கோளாறின் வேர். நெட்டைப் பாதையை அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள். பூஜ்யத்துக்கு இறக்குவதை விட, குறைந்தது நூறு, இருநூறு மிச்சம் நேர்மறையாக விடுவது பாதுகாப்பு. அளவு மீறிக் கழித்து எதிர்மறையில் ஆழமாகப் போனாலும் இதே போல் பிழை வரும்.

நான்கு வழிச்சாலை வேலைக்காகக் கேபிளை இடம் மாற்றியபோதும் நீளம் கூடும். 5 கி.மீ. கூடினால் 85 பி.செ./நா.மீ. தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஏற்கெனவே எல்லையில் ஓடும் லிங்க்குக்கு அது போதும். ஜாயின்ட் பாக்ஸ் ஒவ்வொன்றிலும் சுருட்டி வைத்த உபரி கேபிளும், கேபிளுக்குள் ஃபைபர் முறுக்கிப் போவதும் சேர்ந்து, சாலை நீளத்தை விட ஃபைபர் நீளம் எப்போதும் அதிகம். கிலோமீட்டர் கல்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓ.டி.டி.ஆர். காட்டும் நீளத்தை எடுங்கள்.

*ஆ. ஒரு முனையில் மட்டும் பிழை, மறுமுனை சுத்தம்*

நாகையில் பிழை, திருச்சியில் இல்லை. ஒரு பெட்டி ஒரு திசையை மட்டும் சரிக்கட்டும். இரண்டு முனைகளிலும் பெட்டி இருக்கிறதா, அதன் வழியாகத்தான் பேட்ச் போயிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ரேக்கில் பெட்டி இருக்கும், கார்டு அதைச் சுற்றி நேராகப் போயிருக்கும். இரவு வேலையில் நடக்கும் சாதாரணத் தவறு இது.

*இ. பல சேனல்களில் ஒன்றில் மட்டும் பிழை*

சுத்தம் செய்யுங்கள், பிறகு அந்தச் சேனலின் டிரான்ஸ்சீவரை மாற்றுங்கள். டி.டபிள்யூ.டி.எம். லேசர் தன் கட்டத்தின் நடுவிலிருந்து 0.1 நானோமீட்டர் வரை நகரலாம். வயதானால் இன்னும் நகரும். எஃப்.பி.ஜி. பெட்டியில் ஒவ்வொரு சேனலுக்கும் திறந்திருக்கும் சன்னல் அரை நானோமீட்டர் அளவுதான். ஓரத்தில் உட்கார்ந்த லேசருக்கு பவர் ஒன்றிரண்டு டெசிபல் மட்டுமே குறையும், தாமதமோ கன்னாபின்னாவென்று மாறும். மாற்று டிரான்ஸ்சீவரில் பிழை போனால், பழையதைக் குட்டை லிங்க்குக்கு அனுப்புங்கள், அங்கே இன்னும் உழைக்கும்.

மாற்றியும் போகவில்லையா? கிரேட்டிங்கின் தாமதக் கோடு நேராக இராது. சிறு அலைகள் இருக்கும். அந்த அலையின் மோசமான இடத்தில் உங்கள் அலைநீளம் விழுந்திருக்கலாம். இதன் அடையாளம், அட்டென்யுவேட்டரை எடுத்து பவரைக் கூட்டினாலும் பிழை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காமல் நிற்பது. லைன் கார்டு அனுமதித்தால் லேசரைச் சில ஜிகாஹெர்ட்ஸ் நகர்த்திப் பாருங்கள். அல்லது காலியாக இருக்கும் பக்கத்துச் சேனலுக்கு மாறுங்கள். இரண்டு மூன்று பெட்டிகளைத் தொடராக மாட்டியிருந்தால் அலைகள் சேர்ந்து வளரும். அவற்றை எடுத்துவிட்டு ஒரே பெரிய பெட்டி போடுவது நல்லது. பவர் இழப்பும் பெட்டிக்கு 3 முதல் 4 டெசிபல் வீதம் மிச்சமாகும்.

*ஈ. பட்டையின் ஒரு ஓரத்துச் சேனல்கள் மட்டும் கெடுகின்றன*

சி21 பக்கம் பிழை, சி60 பக்கம் சுத்தம், அல்லது நேர்மாறாக. ஜி.652 ஃபைபரில் டிஸ்பர்ஷன் 1530 நானோமீட்டரில் 16 பக்கம், 1565ல் 18 பக்கம். 150 கி.மீ.யில் இந்த வித்தியாசம் மட்டுமே சுமார் 300 பி.செ./நா.மீ. நல்ல பெட்டிகள் இந்தச் சரிவுக்கும் சேர்த்தே செய்யப்பட்டிருக்கும். லேபிளில் ஜி.652க்கானதா, ஜி.655க்கானதா என்று பாருங்கள். ஜி.655 ஃபைபரின் டிஸ்பர்ஷன் 1550ல் 4 பக்கம்தான். பழைய நெடுந்தூரக் கேபிளில் ஒரு பகுதி ஜி.655 ஆக இருந்து, மீதி ஜி.652 ஆக இணைக்கப்பட்டிருந்தால் "நீளம் × 17" என்ற கணக்கே பொய்யாகிவிடும். ஓ.டி.டி.ஆர். கோட்டில் ஒரு ஸ்ப்ளைஸ் இடத்தில் ஒரு பக்கமிருந்து ஏற்றமும், மறுபக்கமிருந்து பெரிய இறக்கமும் தெரிந்தால், அங்கே ஃபைபர் ரகம் மாறுகிறது என்று சந்தேகிக்கலாம்.

இந்த இடத்தில் ஆளைக் கூப்பிட வேண்டும். டிஸ்பர்ஷன் அனலைசர் வைத்திருப்பவரை வரவழைத்து ஒருமுறை முழு லிங்க்கையும் அளந்துவிடுங்கள். பெட்டிகளை ஊகத்தில் வாங்கி மாற்றுவதை விட அது செலவு குறைவு.

*உ. கருவியை மேம்படுத்திய பிறகு பிழை*

100 ஜி, 400 ஜி கோஹரன்ட் டிரான்ஸ்சீவர்கள் டிஸ்பர்ஷனைத் தங்கள் சிப்பிலேயே சரிசெய்துகொள்ளும். அவற்றுக்கு டி.சி.எம். வேண்டியதில்லை, சேனல் வகை எஃப்.பி.ஜி. பெட்டி இருந்தால் தொந்தரவுதான். 400 ஜி சிக்னல் அகலமானது, குறுகிய சன்னலில் அதன் ஓரங்கள் வெட்டுப்படும். பெட்டியைக் கழற்றிவிட்டு, குறையும் இழப்புக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபையரைத் திருத்துங்கள். அதே ஃபைபரில் பழைய 10 ஜி சேனல்களும் ஓடினால், 10 ஜியை மட்டும் ஃபில்டரால் பிரித்துப் பெட்டி வழியாக அனுப்புங்கள். பி.ஏ.எம்.4 (நான்கு பவர் மட்டங்களில் தகவல் அனுப்பும்) வகை டி.டபிள்யூ.டி.எம். 100 ஜி நேர்மாறு. அதற்குப் பெட்டி கட்டாயம் வேண்டும், மிச்சம் ±100 பி.செ./நா.மீ. அளவுக்குள் நிற்க வேண்டும். அதை ரிங்கில் போட்டுப் பாதை மாற விடுவது என் பார்வையில் சரியான வடிவமைப்பே அல்ல.

அறிகுறி 3: பகலில் பிழை, இரவில் சரி

மதியம் 1 மணிக்குத் தொடங்கி, மாலை 6க்குப் பிறகு தானாகத் தணிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் திருச்சி, தஞ்சை பக்கம் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, மின்வெட்டில் ஏசி நின்ற சிறிய அறை அல்லது வெயிலில் நிற்கும் தகரக் கேபினட் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் டிரான்ஸ்சீவரின் வெப்பநிலையைப் பாருங்கள். சாதாரண ரகம் 70 டிகிரி வரைதான். அதை நெருங்கினால் உள்ளே லேசரைக் குளிர வைக்கும் பகுதி திணறும், அலைநீளம் நகரும். ஃபேன் ஃபில்டரைத் தட்டுங்கள். அறுவடைக் காலத்தில் நெல் தூசி ஃபில்டரை ஒரே மாதத்தில் அடைத்துவிடும். கேபினட்டுக்கு மேலே ஒரு நிழற்கூரை போடுங்கள். பல இடங்களில் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

பிறகுதான் பெட்டி. வெப்பச் சரிக்கட்டு இல்லாத கிரேட்டிங் டிகிரிக்கு சுமார் 10 பிகோமீட்டர் நகரும். 25லிருந்து 45 டிகிரி போனால் 0.2 நானோமீட்டர், அரை நானோமீட்டர் சன்னலில் இது பெரிய நகர்வு. வணிகப் பெட்டிகள் பெரும்பாலும் இதைத் தாங்கும்படி கட்டப்பட்டவை, டேட்டா ஷீட்டில் "இயக்க வெப்பநிலை" வரியைப் பாருங்கள். சோதனை எளிது: பெட்டியை மட்டும் பக்கத்து ஏசி அறை ரேக்குக்கு மாற்றி, டிரான்ஸ்சீவரை அங்கேயே விடுங்கள். மதியப் பிழை போய்விட்டால் பெட்டிதான். போகவில்லை என்றால் டிரான்ஸ்சீவர். மின்சாரத்தால் அளவு மாற்றும் டியூனபிள் டி.சி.எம். என்றால் அதன் பவர் சப்ளையையும், மின்வெட்டுக்குப் பிறகு பழைய அமைப்புக்குத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். திரும்பாமல் தொழிற்சாலை அளவில் போய் நிற்கும் பெட்டிகள் உண்டு.

அறிகுறி 4: பவர் வாரக் கணக்கில் சிறிது சிறிதாகக் குறைகிறது

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இது அதிகம். அழுக்கு, வளைவு, நீர் புகுந்த ஜாயின்ட். இந்த மூன்றில் ஒன்று.

கனெக்டரை ஸ்கோப்பில் பாருங்கள். நாகை, வேதாரண்யம் கரையோரம் உப்புக் காற்றின் ஈரம் கனெக்டர் முகத்தில் காய்ந்தால், உலர்ந்த கிளீனரில் தேய்த்தாலும் போகாத படலம் நிற்கும். ஆல்கஹால் ஒரு துளி, உடனே உலர் துடைப்பு, மறுபடி ஸ்கோப். அடாப்டரின் உள்பக்கத்தையும் சுத்தம் செய்யுங்கள். கார்டை மட்டும் துடைத்து அழுக்கு அடாப்டரில் செருகினால் செய்த வேலை வீண். நீல யு.பி.சி. (நேர் முகம்) கார்டை பச்சை ஏ.பி.சி. (சாய்ந்த முகம்) அடாப்டரில் யாராவது மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது சில டெசிபல்களை விழுங்குவதோடு, இரண்டு முகங்களையும் கீறிவிடும்.

பெட்டியின் இழப்பை அளக்க ஒரு எச்சரிக்கை. கையடக்க 1550 ஒளி மூலத்தைச் செருகி அளக்காதீர்கள். அதன் ஒளி பல நானோமீட்டர் பரந்தது. கிரேட்டிங் சன்னல்களில் விழும் பகுதி மட்டுமே திரும்பி வரும், மீட்டர் கண்டபடி காட்டும். அதே சேனல் டி.டபிள்யூ.டி.எம். டிரான்ஸ்சீவரையே மூலமாக வையுங்கள். அது +1 டிபிஎம் தந்து, பெட்டிக்குப் பின் −2.5 வந்தால் இழப்பு 3.5, சரிதான். சுத்தம் செய்த பிறகும் 5 டெசிபலுக்கு மேல் என்றால் மாற்றத் தயாராகுங்கள்.

பெட்டி சரி என்றால் வெளியே போங்கள். ஸ்பானை 1550லும் 1625லும் ஓ.டி.டி.ஆர். எடுங்கள். 1625ல் ஒரு புள்ளியில் இழப்பு கணிசமாகக் கூடினால் அது வளைவு அல்லது நெருக்கம். பாலத்தில் குழாய் சரிந்திருக்கலாம், கம்பத்தில் கிளை அழுத்தலாம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த கம்பங்களில் அவசரத்துக்கு இழுத்துக் கட்டிய வான்வழிக் கேபிள் எங்கேயாவது இன்னும் ஓடினால், அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டு அலைநீளத்திலும் ஒரே அளவு இழப்பு என்றால் ஸ்ப்ளைஸ். வாய்க்கால் கரை ஜாயின்ட் பாக்ஸில் நீர் இருந்தால் வடித்துவிட்டு மூடுவதால் பயனில்லை. சீலை மாற்றி, ஸ்ப்ளைஸ் தட்டை உலர்த்தி, தேவையான இடங்களில் மறுபடி ஸ்ப்ளைஸ் செய்ய வேண்டும். ஃப்யூஷன் மெஷின் உள்ள குழுவைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 5: பவரைக் கூட்டினால் பிழையும் கூடுகிறது

பெறும் பவர் −7 டிபிஎம்முக்கு மேல் போனால் ஏ.பி.டி. (அவலாஞ்ச் ஃபோட்டோடயோடு) ரிசீவர் திணறும், தாண்டினால் சேதமாகும். 5 டெசிபல் அட்டென்யுவேட்டர் போட்டுப் பாருங்கள். அதில் தீரவில்லை என்றால் அனுப்பும் பக்கத்தில் ஒரு சேனலுக்கு எவ்வளவு பவர் ஃபைபருக்குள் போகிறது என்று பாருங்கள். +3 முதல் +5 டிபிஎம் போதும். +10 பக்கம் தள்ளினால் ஃபைபரே சிக்னலைக் கெடுக்கும், அதை எந்தப் பெட்டியும் சரிசெய்யாது. பவர் போதாத இடத்தில் பெட்டியை ப்ரீ-ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த 3, 4 டெசிபல் இழப்பு நேராக இரைச்சல் விகிதத்தைத் தின்னும். ப்ரீ-ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் அல்லது அதன் நடுவாயில் வையுங்கள்.

அறிகுறி 6: டேப்பர் செய்த கிரேட்டிங்கில் சரிக்கட்டும் அளவு தானாக மாறுகிறது

இது திருச்சி, தஞ்சைப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் தாங்களே கட்டுபவர்களுக்கும், இழுவிசையால் அளவு மாற்றும் ஒற்றைச் சேனல் கருவி வைத்திருப்பவர்களுக்கும்.

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெலிந்துகொண்டே போகும் ஃபைபரில் சீரான கிரேட்டிங்கை எழுதி இழுத்தால், மெல்லிய முனை அதிகம் நீளும், அங்கே நெடிய அலைநீளம் திரும்பும். உதாரணமாக 125 மைக்ரோனில் தொடங்கி 90 மைக்ரோனில் முடியும் 8 செ.மீ. கிரேட்டிங். தடித்த முனையில் 500 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 500 பங்கு நீட்சி) இருந்தால் மெல்லிய முனையில் சுமார் 965. மைக்ரோஸ்ட்ரெயினுக்கு 1.2 பிகோமீட்டர் வீதம், இரு முனைகளுக்கும் வித்தியாசம் 0.56 நானோமீட்டர். 8 செ.மீ. போய்வர சுமார் 770 பிகோ செகண்ட். வகுத்தால் 1380 பி.செ./நா.மீ., அதாவது 80 கி.மீ. ஃபைபருக்கான அளவு.

*சரிக்கட்டுவதற்குப் பதில் டிஸ்பர்ஷன் இரட்டிப்பாகிறது:* கிரேட்டிங் திரும்பி இருக்கிறது. ஜி.652ல் 1550 பக்கம் நெடிய அலைநீளம் பின்தங்கி வரும். அது முதலில் திரும்ப வேண்டும். ஆகவே மெல்லிய முனை சர்குலேட்டர் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி ஸ்ப்ளைஸ் செய்யுங்கள்.

*அதிகம் இழுத்தும் சரிக்கட்டல் குறைகிறது:* கோளாறு அல்ல, அது அப்படித்தான். இழுத்தால் அலைநீள அகலம் கூடும், தாமதம் அதே 770 தான். வகுத்த விடை குறையும். அதிகம் வேண்டுமென்றால் தளர்த்த வேண்டும். ஆனால் தளர்த்தத் தளர்த்த சன்னலும் குறுகும், 10 ஜி சிக்னலின் ஓரம் வெட்டுப்படத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

*இழுவிசையை மாற்றியதும் சேனலே தப்பிப் போகிறது:* மேலே உள்ள உதாரணத்தில் நடு அலைநீளம் முக்கால் நானோமீட்டருக்கு மேல் நகரும், கிட்டத்தட்ட ஒரு முழு 100 ஜிகாஹெர்ட்ஸ் சேனல். இழுத்த நிலையில் எந்த நடு வேண்டுமோ அதிலிருந்து கழித்து எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் வெப்பத்தால் சிறிதளவே திருத்தலாம். 20 டிகிரிக்கு 0.2 நானோமீட்டர், அவ்வளவுதான்.

*சில வாரங்களில் நடு அலைநீளம் குறுகிய பக்கம் நகர்கிறது, சன்னலும் ஒடுங்குகிறது:* பசை வழுக்குகிறது. எபோக்சி ஈரப்பதத்தில் மெதுவாக விட்டுக்கொடுக்கும். பிடிமானத்தில் ஃபைபரின் பூச்சை நீக்கி, கண்ணாடியையே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூச்சின் மேல் ஒட்டினால் கட்டாயம் வழுக்கும். நிரந்தர லிங்க்குக்கு இழுவிசையை நம்பாமல், இழுத்த நிலையில் சீரான கிரேட்டிங் எழுதிப் பின் விடுவிக்கும் முறையே மேல். விடுவித்ததும் அலைநீளச் சரிவு ஃபைபரிலேயே பதிந்து நிற்கும், பிடித்துவைக்கப் பசை தேவையில்லை. இந்த முறையில் முனைகள் மாறும், மெல்லிய முனை குறுகிய அலைநீளத்துக்குப் போய்விடும்; தடித்த முனையைச் சர்குலேட்டர் பக்கம் வையுங்கள்.

*திடீரென முறிகிறது:* பூச்சு நீக்கிய, அமிலத்தில் மெலிந்த கண்ணாடி ஈரமும் இழுவிசையும் சேர்ந்த இடத்தில் நுண்விரிசல் வளர்த்துக்கொள்ளும். பெட்டியை நன்கு அடைத்து சிலிக்கா ஜெல் வையுங்கள். ஃபைபரை மெலியவைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை ஃப்யூம் ஹூடும், கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும், பயிற்சி பெற்றவரும் இல்லாத இடத்தில் தொடவே வேண்டாம். தோலில் பட்ட இடம் உடனே வலிக்காமல் இருந்தாலும் எலும்பு வரை போகும். தண்ணீரில் கழுவி, ஜெல் தடவி, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தாமதக் கோடு நேராக இல்லாமல் வளைந்தால் மெலிவின் வடிவத்தைப் பாருங்கள். விட்டம் நேர்கோட்டில் குறைந்தால் ஸ்ட்ரெயின் நேர்கோட்டில் ஏறாது, ஏனென்றால் அது பரப்பளவுக்கு நேர்மாறானது. ஆப்டிகல் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் பரந்த ஒளி மூலமும் இருந்தால் நடுவையும் அகலத்தையும் நீங்களே அளக்கலாம். தாமதக் கோட்டுக்கு தனிக் கருவி வேண்டும், அது உள்ள ஆய்வகத்தை நாடுங்கள்.

சப்ளையருக்கு அனுப்பும்போது

"வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் "கோளாறு இல்லை" என்று திரும்பி வரும். பெட்டியின் வரிசை எண், அளந்த சேனல்கள், ஒவ்வொன்றிலும் உள்ளே போன பவரும் வெளியே வந்த பவரும், அறை வெப்பநிலை, ஓ.டி.டி.ஆர். நீளம், ஃபைபர் ரகம், எந்த டிரான்ஸ்சீவரோடு பிழை வந்தது, மாற்று டிரான்ஸ்சீவரோடு என்ன ஆனது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எல்லாச் சேனலுக்கும் தாமத அலையின் அளவைச் சோதனை அறிக்கையாகத் தரச் சொல்லுங்கள். போர்ட்டுகளுக்குத் தூசி மூடி போட்டு அனுப்புங்கள். பெட்டி போன நாளிலிருந்து அது திரும்பும் வரை, குட்டைப் பாதைக்குப் போதுமான மாற்றுப் பெட்டியை மாட்டி, அந்த லிங்க்கைக் குட்டைப் பாதையில் பூட்டி வையுங்கள். ரிங் தானாக நெட்டைப் பக்கம் திரும்ப விடாதீர்கள்.